இலையுதிர் காலத்து உணவுமேசை

ஆண்டினை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர் நம் முன்னோர். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்னும் அந்த ஆறனையும் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக மாணவர்க்குச் சொல்லிக் கொடுத்து வருகிறேன். அவர்களும் ஒரே மூச்சில் ஒப்புவித்துவிடுவர். ஒருமுறை ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் எழுந்து நின்று, "ஐயா, நம் நாட்டில் கூதிர் எப்போது வரும்?" என்று கேட்டான். வெயிலும் மழையும் மாறி மாறி வரும் மலேசிய மண்ணில் பிறந்து வளர்ந்த நான் என்ன விடை கூறுவேன்? "அது தேர்வுக்கு வரும்" என்று கூறி அமர வைத்தேன். வகுப்பு சிரித்தது, நானும் சிரித்தேன். ஆயினும், காணாததைக் கற்பிக்கிறோமே என்னும் கூச்சம் உள்ளத்தின் ஓரத்தில் இருந்துகொண்டே இருந்தது.

முற்றிலும் காணாதவன் என்றும் சொல்வதற்கில்லை. நான் பிறந்தது பேராக் மாநிலத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில். ஆண்டுதோறும் பிப்ரவரி, மார்ச்சு மாதங்களில் வறட்சி தோன்றும்போது பால்மரங்கள் இலை உதிர்க்கும். பச்சை மஞ்சளாகி, மஞ்சள் செம்பழுப்பாகி, காடு முழுவதும் சருகு விரிப்பாகக் கிடக்கும். சிறுவர்களாகிய எங்களுக்கு அது கொண்டாட்டம். சருகின்மேல் ஓடுவோம், குவித்து வைத்து அதற்குள் குதிப்போம். பெரியவர்கள் முகத்தில் மட்டும் அந்நாள்களில் சிரிப்பைக் காண முடியாது. இலை உதிர்ந்த மரத்தில் பால் குறையும். பால் குறைந்தால் கூலி குறையும். கூலி குறைந்தால் அடுப்பில் ஏறும் அரிசியும் குறையும். ஆகவே இலையுதிர் காலம் என்னும் சொல்லை நான் ஏட்டில் படிக்கும் முன்பே வயிற்றில் படித்தவன்.

அக்காலத்து என் தாயார் நாள்தோறும் விடியற்காலை நான்கு மணிக்கு எழுவார். சோற்றை வடித்து வைத்துவிட்டுப் பெரட்டுக்குப் போவார். வடித்த கஞ்சியை ஓர் அலுமினியச் சட்டியில் பிடித்து வைத்திருப்பார். பிற்பகலில் காட்டிலிருந்து திரும்பியதும் எங்கள் ஐவருக்கும் சோறு போட்டுவிட்டு, தமக்கு அந்த வடிகஞ்சியில் உப்பும் இரண்டு சின்ன வெங்காயமும் சேர்த்துக் குடிப்பார். "உனக்குச் சோறு வேண்டாமா அம்மா?" என்று கேட்டால், "எனக்குக் கஞ்சிதான் பிடிக்கும்" என்பார். நாங்கள் நம்பினோம். தோட்டத்துப் பள்ளியில் நான்காம் வகுப்பில், 'என் தாய்' என்று கட்டுரை எழுதச் சொன்னார் ஆசிரியர். 'என் தாய்க்கு மிகவும் பிடித்த உணவு வடிகஞ்சி' என்று எழுதினேன். ஆசிரியர் ஓர் ஒற்றுப்பிழையைச் சிவப்பு மையால் திருத்திவிட்டு, 'நன்று' என்று எழுதித் தந்தார்.

இந்நினைவை இங்கே எழுதுவதற்குக் காரணம் உண்டு. அக்கட்டுரையில் இருந்த உண்மையான பிழை எதுவென்பதை நான் உணர்வதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயின. அதை உணர்ந்த இடமோ நம் நாடன்று. கடல்கள் பல கடந்த இத்தாலி நாட்டில், பொலோனியா என்னும் நகரத்தில், ஒரு சிறிய சமையலறை.

என் மகள் பொலோனியாப் பல்கலைக்கழகத்தில் மேற்படிப்புப் படிக்கச் சென்றிருந்தாள். 1088ஆம் ஆண்டில் தோன்றியதென்று மரபாகக் கூறப்படும் பழம்பெரும் பல்கலைக்கழகம் அது. 2019ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறை தொடங்கியதும், சேமிப்பில் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு நானும் என் துணைவியும் இளையவனும் அவளைக் காணப் புறப்பட்டோம்.

ஏட்டில் மட்டும் கண்டிருந்த கூதிர் அங்கே கண்முன் நின்றது. சமவெளியிலிருந்து எழுந்த மூடுபனி காலை பத்து மணி வரை தெருவை விட்டு நகராது. மாலை நான்கரை மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். சாலையோர மரங்கள் பொன்னும் செம்பும் கலந்த நிறத்தில் இலைகளைச் சொரிந்துகொண்டிருந்தன. நகரத்துக்கு மூன்று பட்டப்பெயர்கள் உண்டு என்றாள் மகள். கல்வியால் 'கற்றது', செங்கல் நிறத்தால் 'சிவந்தது', உணவுச் செழிப்பால் 'கொழுத்தது'. தெருவின் இருமருங்கும் தூண்கள் தாங்கும் கூரை நடைபாதைகள். நம் நாட்டுப் பழைய கடைத்தெருக்களின் ஐந்தடிப் பாதையை அவை எனக்கு நினைவூட்டின. 2021ஆம் ஆண்டு யுனெஸ்கோ அவற்றை உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்த்தது. மழையில் நனையாமல் நகரத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நடக்கலாம்.

ஆனால் என்னை வியக்க வைத்தது அங்கிருந்த சந்தை. இலை உதிரும் காலம் அங்கே வறுமையின் காலமன்று. களஞ்சியம் நிறையும் காலம். மலைக்காட்டிலிருந்து வந்த காளான்கள், பேரிக்காய்கள், வாதுமைக் கொட்டைகள், குன்றுபோல் குவித்த பரங்கிக்காய்கள். நம் நாட்டுச் சீன வணிகர் கருமணலில் புரட்டி விற்கும் செஸ்நட் கொட்டையின் இனத்தை அங்கே துளையிட்ட சட்டியில் தீயில் வாட்டிக் காகிதப் பொட்டலத்தில் தருகின்றனர். குளிரில் நடுங்கும் கைகளுக்கு அப்பொட்டலமே கணப்பு. உதிர்ந்த இலையைக் கண்டு அஞ்சிய தாயின் மகன், உதிர்ந்த இலைக்கு நடுவே இத்தனை வளத்தைக் கண்டு சற்று நேரம் பேச்சற்று நின்றேன்.

மகளின் குடியிருப்பு மூன்றாம் மாடியில் இருந்தது. ஓர் அறை, ஒரு சமையற்கூடம், அதற்குள்ளேயே நான்கு நாற்காலிகள் போட்ட மேசை. முதல் நாள் இரவே ஒரு சிறு பூசல் எழுந்தது. என் துணைவி அங்கும் வழக்கம்போல் சோறும் குழம்பும் சமைத்தாள். நாங்கள் மூவரும் அமர்ந்தோம். அவள் கரண்டியோடு நின்றாள். "அம்மா, நாற்காலி நான்கு இருக்கிறது. உட்காருங்கள்" என்றாள் மகள். "நீங்கள் சாப்பிடுங்கள். நான் பிறகு சாப்பிடுகிறேன். எனக்குச் சூடாகச் சாப்பிட்டால் ஆகாது" என்றாள் அவள். மகள் என்னைப் பார்த்தாள். "அம்மாவுக்குச் சூடு பிடிக்காது, உனக்குத் தெரியாதா?" என்று நான் சொன்னேன். 27 ஆண்டு இல்லறத்தில் நான் அறிந்துவைத்திருந்த செய்தி அது. ஐயமே இல்லாமல்தான் சொன்னேன்.

நான்காம் நாள் என் துணைவிக்குக் குளிரால் காய்ச்சல் கண்டது. பாட்டி ஒருவர், வயது எண்பதைக் கடந்தவர், கீழ்மாடியில் குடியிருந்தார். அவரே அவ்வீட்டின் உரிமையாளர். மகள் அவரை 'நோன்னா' என்று அழைப்பாள். அவர்கள் மொழியில் பாட்டி என்று பொருள். செய்தி அறிந்து ஒரு குவளை காய்கறிச் சாற்றை ஏந்திக்கொண்டு படியேறி வந்தார். அப்போது என் துணைவி காய்ச்சலோடு எழுந்து அரிசி களைந்துகொண்டிருந்தாள். பாட்டி அவளைப் பார்த்தார். நாற்காலியில் அமர்ந்து நாளிதழ் புரட்டிக்கொண்டிருந்த என்னையும் பார்த்தார். மகளிடம் ஏதோ கேட்டார். மகளும் இளையவனும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தனர்.

"என்ன கேட்கிறார்?" என்றேன்.

"உன் அப்பா என்ன சமைப்பார் என்று கேட்கிறார்."

"நீ என்ன சொன்னாய்?"

"அப்பா தலைமையாசிரியர் என்றேன்."

பாட்டி சிரிக்கவில்லை. 'மாஎஸ்த்ரோ' என்று என்னை விளித்தார். பள்ளியாசிரியரை அவர்கள் அப்படி அழைப்பராம். நாளை பகல் இரண்டு மணிக்குக் கைகளை நன்றாகக் கழுவிக்கொண்டு கீழே வரும்படி கட்டளையிட்டுவிட்டு இறங்கிப் போனார். ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியை விட்டு வந்தபின் எனக்கு ஒருவர் பாடவேளை குறித்தது அன்றுதான்.

மறுநாள் பாடம் தொடங்கியது. பொலோனியாவின் புகழ்பெற்ற உணவு, கொத்திய மாட்டிறைச்சிக் குழம்போடு உண்ணும் தாலியத்தெல்லே என்னும் நாடாப் பாஸ்தா. அக்குழம்பின் செய்முறையை 1982ஆம் ஆண்டு அக்டோபர் 17ஆம் நாள் நகரத்து வணிகக் கழகத்தில் ஆவணமாகப் பதிந்து வைத்திருக்கின்றனர். அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே, 1972ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆம் நாள், நாடாவின் அகலத்தையும் பதிந்தனர். வெந்தபின் அது 8 மில்லிமீட்டர் இருத்தல் வேண்டும். நகரின் அசினெல்லி கோபுரத்து உயரத்தில் 12,270இல் ஒரு பங்கு அது என்பர். பொன்னாலான ஒரு நாடாவே அளவுகோலாக அங்கே வைக்கப்பட்டுள்ளது. இதைக் கேட்டதும் தொல்காப்பியர் எழுத்துக்கு மாத்திரை வகுத்ததுதான் என் நினைவுக்கு வந்தது. தம் மொழிக்கும் உணவுக்கும் அளவு குறித்து வைப்போர் அவற்றை எளிதில் இழப்பதில்லை.

எங்கள் வீட்டில் மாட்டிறைச்சி சேர்ப்பதில்லை என்று மகள் முன்பே சொல்லியிருந்தாள். ஆகவே அக்காலத்துக்கு ஏற்ற பரங்கிக்காயைப் பாட்டி வாங்கி வைத்திருந்தார். பரங்கியர் வழியாக வந்தமையால் நாம் பரங்கிக்காய் என்றோம். அந்தப் பரங்கியர் நாட்டுக்கும் அது அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்ததே. ஊர் ஊராகக் குடிபெயர்ந்த அந்தக் காயைக் காணும்போது, தோட்டத்துக்குக் குடிபெயர்ந்த எங்கள் பாட்டன்மார் நினைவு வந்தது.

மாவு 400 கிராம், முட்டை 4. ஆளுக்கு 100 கிராம் மாவும் ஒரு முட்டையும் என்பது கணக்கு. அகன்ற மரப்பலகையில் மாவைக் குவித்து, நடுவே குழி செய்து, குழியில் முட்டைகளை உடைத்து ஊற்ற வேண்டும். முள்கரண்டியால் முட்டையைக் கலக்கிக்கொண்டே உட்புறக் கரையிலிருந்து சிறிது சிறிதாக மாவைச் சேர்க்க வேண்டும். நான் அவசரப்பட்டேன். கரை உடைந்தது. மஞ்சள் வெள்ளம் பலகையைக் கடந்து தரையில் வழிந்து என் காலுறையை நனைத்தது. மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். பாட்டி ஒன்றும் சொல்லாமல் தரையைத் துடைத்துவிட்டு மீண்டும் மாவை அளந்து வைத்தார். பிழை செய்த மாணவனை எத்தனை முறை நான் அப்படிப் பேசாமல் விட்டிருக்கிறேன் என்று எண்ணிப் பார்த்தேன். விரல்விட்டு எண்ணும் அளவுகூட இல்லை.

இரண்டாம் முறை கரை நின்றது. பிறகு பிசைதல். உள்ளங்கையின் அடிப்பகுதியால் தள்ளி, மடித்து, திருப்பி, மீண்டும் தள்ளி, கால் மணி நேரம் பிசைய வேண்டும். ஐந்தாம் நிமிடத்திலேயே என் தோள் வலித்தது. சப்பாத்திக்கு மாவு பிசைவதை நான் எத்தனை மாலைகளில் பார்த்திருக்கிறேன்! பார்த்திருக்கிறேன் என்பதுகூடச் சரியன்று. அந்த ஓசை கூடத்தில் அமர்ந்து விடைத்தாள் திருத்தும் என் காதில் விழுந்திருக்கிறது; அவ்வளவுதான். பிசைந்த மாவைத் துணியால் மூடி அரை மணி நேரம் ஓய்வில் விட்டபோது, மாவுக்கு உள்ள ஓய்வு வீட்டில் அதைப் பிசைபவளுக்கு இருந்ததா என்று என்னை நானே கேட்டுக்கொண்டேன்.

அடுத்து, ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளமுள்ள மர உருளையால் மாவை விரிக்க வேண்டும். விரித்த தகட்டை உயர்த்திப் பிடித்தால், அதன் ஊடே குன்றின்மேல் நிற்கும் சான் லூக்கா திருக்கோயில் தெரிய வேண்டும் என்பது அவ்வூர் வழக்கு. நான் விரித்ததைப் பாட்டி சன்னலருகே தூக்கிப் பிடித்தார். வெளியே ஒரே மூடுபனி. தகடு இல்லாமலே கோயில் தெரியவில்லை. "பனி உங்களைக் காப்பாற்றியது, மாஎஸ்த்ரோ" என்றார். ஓரங்கள் தடித்தும் நடு மெலிந்தும் கிடந்த அதைச் சற்று உலர விட்டு, பாய்போல் சுருட்டி, கத்தியால் நறுக்கி உதறினோம். நாடாக்கள் ஒன்றோடொன்று அகலம் ஒவ்வாமல் விழுந்தன. அந்தப் பொன் நாடா அவற்றைக் கண்டிருந்தால் நாணியிருக்கும். மாவு தூவிய துணியில் அவற்றைக் குருவிக்கூடுகளாகச் சுற்றி வைத்தோம்.

இரவு ஏழு மணிக்கு மகளின் சமையற்கூடத்தில் இறுதி வேலை. பரங்கிக்காயைச் சிறு துண்டுகளாக்கி, வெங்காயத்தோடு ஒலிவ எண்ணெயிலும் வெண்ணெயிலும் வதக்கி, பாதியை மசித்துப் பாதியை விட்டுவைத்தேன். சால்வியா என்னும் சாம்பல்பச்சை இலைகளை வெண்ணெயில் மொறுமொறுப்பாகப் பொரித்தேன். கறிவேப்பிலை தாளிக்கும் மணம் இல்லை. ஆனால் அதே ஓசை. பாட்டி சாதிக்காயைத் துருவித் தூவினார். பினாங்குத் தீவில் விளையும் அந்தக் காயை அங்கே கண்டதும், அயலூரில் உறவினரைக் கண்டதுபோல் இருந்தது.

பெரிய பானையில் 4 லிட்டர் நீர் கொதித்தது. லிட்டருக்கு 10 கிராம் என்று 40 கிராம் உப்பைப் போடச் சொன்னபோது நான் தயங்கினேன். நாடாக்களைப் போட்டு இரண்டு மூன்று நிமிடங்களில் வெந்துவிட்டன. நீரை வடிக்கப் பானையைத் தூக்கித் தொட்டிக்குக் கொண்டுபோனேன். பாட்டி ஓடிவந்து என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"அந்த நீரைக் கொட்டாதீர்கள் என்கிறார், அப்பா. அதில் கொஞ்சம் சேர்த்தால்தான் பரங்கிக் குழம்பும் பாஸ்தாவும் ஒட்டுமாம்" என்றாள் மகள்.

குனிந்து பார்த்தேன். மாவுச்சத்துக் கலங்கிய வெண்ணிற நீர், மேலே ஆவி. அந்த ஆவி முகத்தில் பட்டது. பேராக் தோட்டத்து லயத்தில், அலுமினியச் சட்டியில், இதே நிறம்; ஏறக்குறைய இதே மணம். 'எனக்குக் கஞ்சிதான் பிடிக்கும்' என்ற குரல். இலை உதிரும் மாதங்களில் ஐந்து பிள்ளைகளுக்குச் சோறு போட்ட பின் பானையில் என்ன எஞ்சியிருக்கும் என்பதை, கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கிய நான், அந்நாள் வரை கணக்கிட்டுப் பார்த்ததில்லை. தாயார் மறைந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. இனி யாரிடம் திருத்தம் எழுதிக் காட்டுவது? ஒரு கரண்டி நீரை எடுத்துக் குழம்பில் ஊற்றினேன். கை நடுங்கியதற்குப் பானையின் சுமையைக் காரணம் காட்டினேன்.

பார்மிஜானோ என்னும் முதிர்ந்த பாலாடைக்கட்டியைத் துருவித் தூவி, தட்டுகளில் இட்டேன். காய்ச்சல் தணிந்திருந்த என் துணைவி பழக்கம்போல் எழுந்து கரண்டியை வாங்க வந்தாள். பாட்டி அவளைத் தோளைத் தொட்டு நாற்காலியில் அமர்த்தினார். "பாஸ்தா காத்திராது" என்றார். அது அங்கே எல்லா வீட்டிலும் உள்ள விதியாம். வடித்த நொடியிலேயே உண்ண வேண்டும். தாமதித்தால் ஒட்டிக் கட்டியாகும். ஆகவே வீட்டார் அனைவரும் முதலில் அமர்ந்திருக்க வேண்டும். உணவு பின்னால் வரவேண்டும். சமைத்தவரும் உடனே வந்து அமர வேண்டும். மனிதருக்காக உணவு காத்திருக்கும் நம் வீட்டில் ஒருவர் மட்டும் என்றும் பின்தங்கிவிடுகிறார். உணவுக்காக மனிதர் காத்திருக்கும் அவ்வீட்டில் எவரும் பின்தங்குவதில்லை. பாட்டி தம் பங்கை ஒரு கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு, எங்களைத் தனியே விட்டுக் கீழே இறங்கிப் போனார்.

நால்வரும் அமர்ந்தோம். என் தட்டைத் தொடாமல் மற்றவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். உப்பு போதுமா, வெந்திருக்கிறதா, பிடிக்கிறதா என்று அறியும் தவிப்பு. இளையவன் மூன்று வாய் உண்டுவிட்டுத் தலை நிமிராமலே, "பரவாயில்லை அப்பா" என்றான். அந்த ஒரு சொல்லுக்கு நான் எவ்வளவு மகிழ்ந்தேன் என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. 27 ஆண்டுகளில் அந்தச் சொல்லையேனும் நான் எத்தனை முறை சொல்லியிருப்பேன்? நாளிதழுக்குப் பின்னாலிருந்து 'இன்னும் கொஞ்சம் குழம்பு' என்றதுதான் நினைவில் இருக்கிறது.

என் துணைவியைப் பார்த்தேன். ஆவி பறக்கும் நாடாக்களை முள்கரண்டியில் சுற்றத் தெரியாமல் சுற்றி, விரைவாக உண்டுகொண்டிருந்தாள். பாதித் தட்டு முடிந்திருந்தது.

"உனக்குச் சூடு பிடிக்காதே?" என்றேன்.

அவள் சற்று யோசித்தாள். "பிடிக்குமா பிடிக்காதா என்று எனக்கே தெரியாது. சூடாகச் சாப்பிட்டுப் பார்த்ததில்லையே" என்றாள்.

குற்றம் சாட்டும் குரலில் அவள் அதைச் சொல்லவில்லை. ஒரு செய்தியைச் சொல்வதுபோல் சொல்லிவிட்டு, மீண்டும் உண்ணத் தொடங்கினாள். மேசையில் சிறிது நேரம் முள்கரண்டிகளின் ஓசை மட்டும் கேட்டது. விருந்தோம்பலுக்கு வள்ளுவர் ஓர் அதிகாரமே ஒதுக்கினார் என்று மேடைதோறும் முழங்கியவன் நான். என் வீட்டு அடுப்படியில் ஒருத்தி நாள்தோறும் எனக்கு விருந்தோம்பி நின்றதையும், அவளை ஒரு வேளையும் நான் விருந்தினளாக அமர்த்தியதில்லை என்பதையும் அந்த அயல்நாட்டு மேசையில்தான் அறிந்தேன்.

பேச்சை மாற்ற வேண்டி, "பாஸ்தாவைச் சீனத்திலிருந்து இத்தாலிக்குக் கொண்டுவந்தவர் மார்க்கோ போலோ" என்று இளையவனுக்கு எடுத்துரைத்தேன். வகுப்பில் பலமுறை சொன்னதுதான். மகள் சிரித்தாள். மார்க்கோ போலோ சீனத்திலிருந்து திரும்பியது 1295இல். சிசிலித் தீவில் மாவு இழைகள் செய்து கப்பலில் பல நாடுகளுக்கு அனுப்புவதை அல் இத்ரீசி என்னும் அரபு நிலவியல் அறிஞர் 1154இலேயே எழுதிவிட்டார் என்றாள். அன்று நான் கற்றவை பல; விட்டவையும் பல.

உண்டபின் பார்த்தால், சமையற்கூடம் போர்க்களம்போல் கிடந்தது. என் துணைவி எழ முயன்றாள். மகள் அவளை அமர்த்திவிட்டு என் கையில் தேய்க்கும் நாரைக் கொடுத்தாள். ஒரு நாள் சமைத்துவிட்டு உலகையே வென்றதாக எண்ணியிருந்த எனக்கு, சமைப்பது பாதி வேலையே என்பது அப்போது புரிந்தது.

நாடு திரும்பிய சில திங்களில் உலகையே கோவிட் பெருந்தொற்று சூழ்ந்தது. 2020ஆம் ஆண்டு மார்ச்சு 10ஆம் நாள் முதல் இத்தாலி முழுவதும் வீட்டுக்குள் அடைந்தது. மார்ச்சு 18 முதல் நம் நாட்டிலும் நடமாட்டக் கட்டுப்பாடு. மகள் அங்கே, நாங்கள் இங்கே. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவளுக்கு நண்பகல் ஆகும் வேளையில் எங்களுக்கு மாலை. கைப்பேசியை மேசைமேல் சாய்த்து வைத்து, அவள் அங்கே பாஸ்தா வடிக்க, நான் இங்கே வடிப்பேன். கடையில் வாங்கிய உலர்ந்த பாஸ்தா, தோட்டத்துப் பரங்கிக்காய், சால்வியாவுக்கு ஈடாக நெய்யில் பொரித்த கறிவேப்பிலை. பாட்டி கூதிர் காலத்துக்கென்று கற்பித்த உணவை நாங்கள் வெயிலில் வியர்வை வழிய உண்டோம். வடித்த நீரை நான் கொட்டியதில்லை. என் துணைவி எங்களோடு அமர்ந்து சூடாக உண்டாள். அவளுக்குச் சூடு பிடிக்கும் என்பது இப்போது எங்கள் வீட்டில் அனைவரும் அறிந்த செய்தி. மகள் 2021இல் படிப்பை முடித்துத் திரும்பினாள்.

எல்லா நாளும் நான் சமைக்கிறேன் என்று சொன்னால் அது பொய். வாரத்துக்கு இரண்டு நாள். மற்ற நாள்களிலும் ஒரு விதியை மாற்றிவிட்டோம். உணவையெல்லாம் மேசைக்குக் கொண்டுவந்த பின்பே எவரும் அமர்வது; அமர்ந்தால் அனைவரும் அமர்வது. இச்சிறு மாற்றத்துக்கு எனக்கு 27 ஆண்டுகளும் ஒரு கடற்பயணத் தொலைவும் தேவைப்பட்டன.

பள்ளியிலும் ஒன்றை மாற்றினேன். 'எனக்குப் பிடித்த உணவு' என்று ஆண்டுதோறும் நாம் கட்டுரை எழுதச் சொல்கிறோம். கடந்த சில ஆண்டுகளாக அத்தலைப்பை நீக்கிவிட்டு, 'எங்கள் வீட்டில் சமைப்பவருக்குப் பிடித்த உணவு' என்று கொடுத்து வருகிறேன். அவரிடமே கேட்டு எழுத வேண்டும் என்பது நிபந்தனை. முதல் ஆண்டில் முப்பது பேரில் பலர் வெறுந்தாளோடு வந்தனர். "ஏன் எழுதவில்லை?" என்று கேட்டேன். ஒரு மாணவி எழுந்து, "அம்மாவிடம் கேட்டேன், ஐயா. சிரிக்கிறார், சொல்ல மாட்டேன் என்கிறார்" என்றாள்.

அந்த வெறுந்தாளை வாங்கி, சிவப்பு மையால் எதுவும் எழுதாமல் அவளிடமே திருப்பிக் கொடுத்தேன். "நாளை மறுபடியும் கேள்" என்றேன்.

ஆசிரிய நண்பர்களே, நாமும் கேட்டுப் பார்ப்போம்.